இனிப்பும் உப்பும் ஒரே கடியில்

காய்ச்சல்காரர்களின் பிரெட் ஞாயிற்றுக்கிழமை விருந்தாகும் விதம். ஹேடோவின் அடுக்களைச் சரக்கை வைத்து ஒரு செய்முறை

தமிழர் வீடுகளில் பிரெட்டுக்கு வெகு காலமாக ஒரே வேலைதான். யாருக்காவது காய்ச்சல் கண்டால் கடைக்கு ஆள் ஓடும். பாலில் தோய்த்த இரண்டு துண்டுகள் உள்ளே போகும். ஜுரம் இறங்கியதும் மிச்சத் துண்டுகள் அலமாரியில் கிடந்து பூசணம் பூக்கும். உடம்பு சரியாக இருக்கும் மனிதன் சாப்பிடும் பொருளாக அதைப் பாட்டிமார்கள் ஒப்புக்கொண்டதே இல்லை. இட்லியும் பொங்கலும் ஆளும் ஞாயிற்றுக்கிழமையில் பிரெட்டுக்கு இடம் ஏது?

இடம் உண்டு. ஆனால் இனிப்பையும் உப்பையும் எந்த அளவில் சேர்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். நட்சத்திர ஓட்டல்களில் முற்பகல் விருந்து என்ற பெயரில் நல்ல விலைக்கு வரும் இனிப்பு‍-உப்பு சாண்ட்விச்சை வீட்டுத் தோசைக்கல்லிலேயே செய்யலாம். அதற்கு வேண்டிய சாமான்கள் அந்தமானின் ஹேடோ போன்ற ஓர் இடத்தில்கூடக் கிடைக்கும். சொல்லப்போனால், ஹேடோவின் அடுக்களையை நினைத்துக்கொண்டு செய்தால்தான் இந்தப் பண்டத்தின் சூட்சுமம் விளங்கும்.

கப்பலில் வருவதும் மண்ணில் விளைவதும்

ஹேடோ, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் துறைமுகப் பகுதி. 1883இல் தொடங்கிய மர அறுவை ஆலை இருக்கும் சாத்தம் தீவு பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து சுமார் 1,190 கிலோமீட்டர் கடல் கடந்து வரும் பயணிகள் கப்பல் ஏறத்தாழ மூன்று நாள் கழித்து ஹேடோ துறையில்தான் கயிறு கட்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபாரில் ஏறத்தாழ ஏழில் ஒருவரின் தாய்மொழி தமிழ். ஆகவே துறைமுகத்தை ஒட்டிய கடைத்தெருவில் தமிழ் காதில் விழுவதில் வியப்பில்லை.

இத்தீவுகளின் அடுக்களைச் சாமான்கள் இரண்டு ரகம். கோதுமை அங்கே விளைவதில்லை. பிரெட்டைச் சுடும் அடுப்பு உள்ளூரில் இருந்தாலும் மாவு கடல் தாண்டி வந்தது. வெல்லம், பருப்பு, வெண்ணெய், சீஸ் எல்லாம் அப்படித்தான். விசித்திரம் என்னவென்றால் உப்பும் அப்படியே. நாலா பக்கமும் கடல். ஆனால் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் தீவில் தூத்துக்குடியைப்போல உப்பளம் போட்டுக் காய வைக்க முடியாது. மறுபக்கம், மண்ணே தாராளமாகத் தருபவை: தேங்காய், வாழை, அன்னாசி, பப்பாளி. மசாலா வகையில் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய், லவங்கப்பட்டை.

வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகிக் கப்பல் தாமதமானால் முதல் ரகச் சாமான்களின் விலை ஏறும். சில சமயம் சாமானே இருக்காது. எனவே டின் சீஸைத் திறப்பது அங்கே யோசித்துச் செய்யும் காரியம். இந்த சாண்ட்விச்சின் கணக்கும் அதே சிக்கனத்தில்தான் நிற்கிறது. கப்பலில் வந்ததைக் கொஞ்சமாகவும் தோட்டத்தில் விளைந்ததைத் தாராளமாகவும் போடுவது சிக்கனம் மட்டுமல்ல, ருசியும் அதுவே.

டின் சீஸ் இந்த ஊருக்கென்றே பிறந்ததுபோன்ற பொருள். 1911இல் சுவிட்சர்லாந்தில் பதப்படுத்திய சீஸ் உருவானதன் நோக்கமே, வெப்ப நாடுகளுக்கு அனுப்பும்போது சீஸ் கெடாமல் இருக்க வேண்டும் என்பதுதான். டின் திறக்காத வரை குளிர்பெட்டி தேவையில்லை. இளக்கினால் நெய்யும் கட்டியுமாகப் பிரியாமல் ஒரே சீராக உருகும். நெடுநாள் பதப்படுத்திய அசல் சீஸின் மணம் இதற்குக் கிடையாது. ஆனால் சாண்ட்விச்சுக்கு உருகுவதும் உப்புக் கரிப்பதும் போதும்.

சூரியன் சொல்லும் நேரம்

காலை உணவையும் மதிய உணவையும் சேர்த்து முற்பகலில் ஒரே வேளையாகச் சாப்பிடும் பழக்கத்துக்கு ‘பிரஞ்ச்’ என்று பெயர். 1895இல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் கை பெரிஞ்சர் என்ற எழுத்தாளர், சனிக்கிழமை இரவு கூத்தடித்தவர்கள் ஞாயிறு காலையில் அவசரமாக எழுந்திருக்காமல் இருக்க இந்த ஏற்பாடு வேண்டும் என்று வாதாடினார்.

ஹேடோவில் காரணமே வேறு. இந்தியா முழுவதற்கும் கடிகாரம் ஒன்று; சூரியன் அப்படியல்ல. இந்திய நேரம் கிழக்கு 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. இந்த ஊரோ 92¾ பாகையை ஒட்டியிருக்கிறது. அதனால் கடிகாரம் 10.30 காட்டும்போது சூரியக் கணக்கில் மணி 11.10 ஆகியிருக்கும். ஜூன் மாதத்தில் காலை ஐந்து மணிக்கே விடிந்துவிடும். விடிந்ததும் ஒரு டீயும் பிஸ்கட்டும் ஆன வயிறு, பத்து மணிக்கெல்லாம் சென்னையின் 10.50 மணி வயிற்றைப்போலக் கேட்கத் தொடங்கும். முற்பகல் சாப்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் அதிகமில்லை.

நாக்குக்குப் பழைய உறவு

இனிப்பில் உப்பா என்று முகம் சுளிப்பவர்கள் தங்கள் வீட்டு இலையை நினைத்துப் பார்க்கலாம். அடைக்கு வெல்லமும் வெண்ணெயும். பாயசத்துக்கு இறக்கும்போது ஒரு சிட்டிகை உப்பு. தள்ளுவண்டி அன்னாசிக்கு உப்பும் மிளகாய்த்தூளும். தமிழ்நாட்டு டீக்கடையின் பன் பட்டர் ஜாம், உப்பு வெண்ணெயையும் பழ ஜாமையும் ஒரே பன்னில் அடக்கிய அசல் இனிப்பு-உப்பு சாண்ட்விச்தான். யாரும் அதை அப்படி அழைத்ததில்லை, அவ்வளவே. எல்லாவற்றுக்கும் மேலே நாஞ்சில் நாட்டுப் பந்தி. அங்கே வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பிரதமனை இலையில் ஊற்றி, வாழைப்பழத்தைப் பிசைந்து, பப்படத்தை நொறுக்கிப் போட்டு வழித்துச் சாப்பிடுவார்கள்.

இதற்கு விஞ்ஞானமும் சாட்சி சொல்கிறது. அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பிரெஸ்லினும் போஷாம்பும் 1997இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கசக்கும் யூரியாவையும் சர்க்கரையையும் கலந்து கொடுத்தால் கசப்பு இனிப்பை அமுக்கியது. அதில் சோடியம் உப்பு ஒன்றைச் சேர்த்ததும் கசப்பு அடங்கி, இனிப்பு மேலே வந்தது. சர்க்கரையின் அளவு கூடவில்லை. அதை மறைத்திருந்த கசப்புதான் விலகியது. வெல்லத்திலும், கல்லில் சிவந்த பிரெட்டின் மேல்தோலிலும் லேசான கசப்பு உண்டு. அதனால்தான் இந்தப் பண்டத்தில் ஒரு சிட்டிகை உப்பு அரைக் கரண்டி வெல்லத்தின் வேலையைச் செய்கிறது.

உலகமும் இதைத் தனித்தனியே கண்டுபிடித்திருக்கிறது. சாண்ட்விச் என்ற சொல் 1762இல் எட்வர்ட் கிப்பனின் நாட்குறிப்பில் ஏறியது. பெயர் தந்தவர் சாண்ட்விச் பிரபு ஜான் மாண்டேகு. பன்றி இறைச்சியும் சீஸும் வைத்து வாட்டும் ‘குரோக் மெஸ்யூ’ 1910 வாக்கில் பாரிஸ் சிற்றுண்டிச் சாலைகளில் பெயர் பெற்றது. அதை முட்டை மாவில் தோய்த்துப் பொரித்து, மேலே பொடிச் சர்க்கரை தூவி, பக்கத்தில் ஜாம் வைத்தால் அமெரிக்காவின் ‘மான்டே கிறிஸ்டோ’. 1960களில் டிஸ்னிலேண்ட் அதைப் பிரபலமாக்கியது. பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்கு நிலக்கடலை வெண்ணெயும் வாழைப்பழமும் வைத்து வறுத்த சாண்ட்விச் மீது தீராத ஆசை.

கீழே வரும் செய்முறை மான்டே கிறிஸ்டோவின் உடம்பில் நாஞ்சில் நாட்டுப் பிரதமனின் உயிரை ஏற்றியது. பன்றி இறைச்சி இல்லை. அதன் உப்பையும் மொறுமொறுப்பையும் அப்பளம் தருகிறது.

தேவையானவை (இருவருக்கு)

முந்தின நாள் பிரெட், விரல் பருமனில் 4 துண்டு
முட்டை 2
கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லி
பெரிய வாழைப்பழம் 1 (நேந்திரம் கிடைத்தால் உத்தமம்)
பொடித்த வெல்லம் 2 மேசைக்கரண்டி
டின் சீஸ் 50 கிராம், துருவியது
உப்பு வெண்ணெய் 4 தேக்கரண்டி
தேங்காய் எண்ணெய் 1 தேக்கரண்டி, அப்பளம் பொரிக்கத் தனியாகக் கொஞ்சம்
சிறிய அப்பளம் 2
மிளகு, கரகரப்பாகப் பொடித்தது கால் தேக்கரண்டி
ஜாதிக்காய், இரண்டு உரசல்
எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி
உப்பு ஒரு சிட்டிகை

செய்முறை

பிரெட்டிலிருந்து தொடங்க வேண்டும். அன்று வாங்கிய பிரெட் முட்டைக் கலவையில் விழுந்ததும் குழைந்து கையோடு வரும். ஒரு நாள் பழசானது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் உருக்குலையாமல் நிற்கும். பிரெஞ்சுக்காரர்கள் இந்த வகைப் பண்டத்தை ‘இழந்த பிரெட்’ என்றே அழைப்பது இதனால்தான். ஆனால் ஹேடோவின் ஈரக் காற்றில் ஒரு நாள் என்றால் ஒரு நாள்தான். இரண்டு மூன்று நாளில் பூசணம் வந்துவிடும். பூசணம் தட்டிய துண்டைச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தக் கூடாது. பழைய பிரெட் இல்லையென்றால் புதுத் துண்டுகளை வெறும் கல்லில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் வாட்டி ஆறவைத்தால் போதும்.

அடுத்து அப்பளம். பொரித்து, எண்ணெய் வடித்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைக்கவும். திறந்து வைத்தால் கால் மணியில் நமுத்துவிடும்.

வெல்லத்தை இரண்டு மேசைக்கரண்டி நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, சிறு தீயில் கொதிக்க விடவும். விரலில் தொட்டால் பிசுக்கென்று ஒட்டும் பதம் வந்ததும் ஒரு தேக்கரண்டி பாகைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளவும். மீதியில் வட்டமாக நறுக்கிய வாழைப்பழத்தைப் போட்டு ஒரே ஒரு நிமிடம் புரட்டவும். நேந்திரம் என்றால் இரண்டு நிமிடம். இறக்கி உப்பு, மிளகு, எலுமிச்சைச் சாறு சேர்த்து ஆறவிடவும். இந்த ஒரு சிட்டிகை தவிர வேறெங்கும் உப்புப் போட வேண்டாம். சீஸ், வெண்ணெய், அப்பளம் மூன்றும் கரிப்போடுதான் வருகின்றன.

முட்டையை அடித்து, தேங்காய்ப்பாலும் ஜாதிக்காயும் சேர்த்துக் கலக்கவும். கலவையைத் தட்டையான பாத்திரத்தில் ஊற்றி வைக்கவும்.

இப்போது அடுக்குவது. நான்கு துண்டுகளின் உட்பக்கத்திலும் சீஸைப் பரப்பவும். இரண்டு துண்டுகளில் சீஸின் மேல் பழத்தை வைத்து, மற்ற இரண்டால் மூடி மெல்ல அழுத்தவும். சீஸ் இரு பக்கமும் இருப்பதற்குக் காரணம் உண்டு: பாகின் ஈரம் பிரெட்டுக்குள் இறங்காமல் கொழுப்பு தடுக்கும், உருகியதும் இரண்டு துண்டையும் பசைபோல ஒட்டவைக்கும். பழம் ஓரம்வரை வரக் கூடாது. வந்தால் பாகு வழிந்து கல்லில் கருகும்.

தோசைக்கல்லை மிதமான சூட்டில் வைத்துப் பாதி வெண்ணெயையும் பாதித் தேங்காய் எண்ணெயையும் விடவும். வெண்ணெய் மட்டும் விட்டால் அதிலுள்ள பால் கசடு சீக்கிரம் கருகும். சாண்ட்விச்சைக் கலவையில் பக்கத்துக்குப் பதினைந்து வினாடி தோய்த்து, சொட்ட விட்டு, கல்லில் போடவும். மூடி வைத்து இரண்டு நிமிடம், மூடியை எடுத்து ஒரு நிமிடம். மீதி வெண்ணெயையும் எண்ணெயையும் விட்டு மறுபக்கமும் அப்படியே. மேல்தோல் பொன்னிறம் தாண்டி லேசான தேன் நிறத்துக்கு வர வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே கருப்பு, உள்ளே பச்சை முட்டை.

எடுத்ததும் வெட்டக் கூடாது. இரண்டு நிமிடம் கம்பி வலையிலோ கவிழ்த்த சல்லடையிலோ வைத்தால் அடிப்பக்கம் வியர்க்காது. பிறகு குறுக்கே வெட்டி, எடுத்து வைத்த பாகை மேலே இரண்டு கோடாக ஊற்றி, பரிமாறும் கணத்தில் அப்பளத்தை நொறுக்கித் தூவவும். அப்பளத்தை உள்ளே வைத்தால் ஈரத்தில் தோலாகிவிடும்.

மாற்று வழிகள்

முட்டை சேர்க்காதவர்கள் அதற்குப் பதிலாக மூன்று மேசைக்கரண்டி கடலை மாவையும் ஒரு கரண்டி அரிசி மாவையும் தேங்காய்ப்பாலில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளலாம். பஜ்ஜி மாவைவிடச் சற்று நீர்க்க இருக்கட்டும். மொறுமொறுப்பு கூடுதலாகவே வரும்.

வாழைக்குப் பதில் அன்னாசி என்றால் மெல்லிய துண்டுகளாக்கி, முதலில் வெறும் கல்லில் நீர் சுண்டும்வரை வாட்டி, அப்புறம் பாகில் போட வேண்டும். எலுமிச்சை வேண்டாம், புளிப்பு அதிலேயே உண்டு.

மூன்றாவது வழி இலங்கைத் தமிழர்களுடையது. அங்கே பிரெட்டுக்குப் பாண் என்று பெயர். காய்ச்சல் வந்தால்தான் சாப்பிடுவது என்ற விதி அங்கே கிடையாது. வெங்காயத்தை நீளவாட்டில் அரிந்து, சிறு தீயில் நெடுநேரம் வதக்கி, மிளகாய்த்தூள், புளி, உப்பு, பட்டை, கிராம்பு, கடைசியில் சர்க்கரை சேர்த்து இறக்கினால் சீனிச் சம்பல். அசைவர்கள் மாசிக் கருவாட்டையும் இடித்துப் போடுவார்கள். அதைப் பன்னுக்குள் அடைத்துச் சுட்டு விற்பது இலங்கைப் பேக்கரிகளின் அன்றாட வியாபாரம். இந்தச் சுவைக்கும் அந்தமான் நிகோபாருக்கும் உறவு உண்டு. 1964ஆம் ஆண்டு சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர் நிகோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். மேலே சொன்ன சாண்ட்விச்சில் வாழைப்பழத்தை எடுத்துவிட்டு இரண்டு மேசைக்கரண்டி சீனிச் சம்பல் வைத்தால் இனிப்பு, உப்பு இரண்டோடு காரமும் புளிப்பும் சேரும்.

அளவுதான் மருந்து

இது தினசரிப் பலகாரம் அல்ல. ஒரு சாண்ட்விச்சில் சுமார் 600 கலோரி இருக்கும். உப்பு இரண்டு கிராமுக்குக் குறையாது. நாள் முழுவதற்கும் ஐந்து கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார அமைப்பின் வரம்பு. ஆக அன்றைய ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் விடுப்பு கொடுத்தாக வேண்டும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 31.5 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாக மதிப்பிட்டது. இனிப்பும் உப்பும் கைகோக்கும் பண்டம் இந்த இரு சாராரையும் ஒருசேரப் பார்த்துச் சிரிக்கிறது. வெல்லம் என்பதால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. அவர்கள் மருத்துவர் சொன்ன கணக்குக்குள் கால் துண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மற்றவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆக்ஸ்போர்டில் பார்பரா ரோல்ஸ் குழு 1981இல் வெளியிட்ட சோதனை சாண்ட்விச்சை வைத்தே நடந்தது. ஒரே பூரணம் வைத்த சாண்ட்விச் கிடைத்தவர்களைவிட, நான்கு வகைப் பூரணங்கள் அடுத்தடுத்துக் கிடைத்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு அதிகம் சாப்பிட்டார்கள். ஒரு சுவையில் நாக்கு சலிக்கிறது. வேறு சுவை வந்ததும் வயிறு நிறைந்ததை மறந்துவிடுகிறது. இனிப்பும் உப்பும் மாறி மாறி வரும் இந்தப் பண்டத்தில் அந்த மறதி ஒவ்வொரு கடியிலும் நிகழும். ஆளுக்கு ஒன்று என்று முதலிலேயே எண்ணிச் செய்வதும், பக்கத்தில் இனிப்பில்லாத கடுங்காப்பியோ எலுமிச்சை பிழிந்த தேநீரோ வைப்பதும் இதற்குச் சரியான தடுப்பு. மதியச் சோற்றை அன்று மறந்துவிட வேண்டும். முற்பகல் விருந்து இரண்டு வேளைக்குப் பதிலாகத்தானே தவிர, மூன்றாவது வேளையாக அல்ல.

கப்பல் தாமதமாகிச் சீஸ் கிடைக்காத வாரத்திலும் இதைச் செய்யலாம். அதன் இடத்தில் இளந்தேங்காயைத் துருவி, சிட்டிகை உப்பும் மிளகும் பிசறி இரு பக்கமும் பரப்பினால் பசைபோல ஒட்டாது. ஆனால் ருசி கெடாது. வெண்ணெய் இல்லையென்றால் தேங்காய் எண்ணெய் மட்டும் போதும். அப்பளம் தீர்ந்திருந்தால் வறுத்த நிலக்கடலை. உப்பை மட்டும் விட்டுவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் தட்டில் இருப்பது பழைய காய்ச்சல் பிரெட்தான், கொஞ்சம் வெல்லத்தோடு.